மச்சானை முந்தாத மாப்பிள்ளை

நீங்க ஜன்னலோரமா உக்காந்துக்குங்க. எனக்குக் காத்து மூஞ்சியில அடிச்சா ஆகறதில்லீங்க. பஸ்ஸு ஷட்டரு வேற பாதியில நிக்குது, ஏறவும் மாட்டேங்குது எறங்கவும் மாட்டேங்குது. ஆடிக் காத்துல அம்மியும் நகரும்பாங்க, நாமெல்லாம் எம்மாத்திரம். பரவால்லீங்களா? சரிங்க. மண்ணு பட்டா எறங்கறப்ப தட்டி விட்டுக்கலாம்.

மண்டபத்து வாசல்ல சைக்கிளா நின்னுச்சே, பாத்தீங்களா? கல்யாணம் இல்லீங்க அது. ரேசு. காத்தாடி முந்நூறுன்னு பேரு வெச்சிருக்காங்க. முந்நூறு கிலோமீட்டரு. தார் ரோட்டுல இல்லீங்க, பூராவும் கிராவல் ரோடு. இந்தக் கரண்டு எடுக்கற காத்தாடிக் கம்பெனிக்காரங்க டவரு நடறதுக்கும் றெக்கையைக் கொண்டு போறதுக்கும் காட்டுக்குள்ள மண்ணடிச்சுத் தடம் போட்டாங்கல்ல, அந்தத் தடம். அது போக வாய்க்கா மேடு. மொத நாள் இங்கிருந்து கெழக்க போகணும், மூலனூரு தாண்டி. அங்க ஒரு பள்ளிக்கூடத்துல படுத்துட்டு மறுநாள் மேக்க திரும்பி வரணும். சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள இந்த மண்டபத்து வாசலைத் தொடணும். அதுக்கப்புறம் வந்தாலும் கை தட்டுவாங்க, சோறு போடுவாங்க. ஆனா முடிச்சவன்னு பேரு வராது.

நானும் போன வருசம் ஓட்டுனவன்தானுங்க. என்ன அப்படிப் பாக்கறீங்க? தொப்பை இருக்கறவன் சைக்கிள் ஓட்டக்கூடாதுங்களா?

அலுப்பா இருக்குதுங்க. உடம்பு அலுப்பு இல்லீங்க, இன்னைக்கு நான் ஒண்ணும் ஓட்டல, சும்மா நின்னு பாத்ததோட சரி. மனசு அலுத்துப் போச்சு. ஒரு வருசமா அலுத்துக் கெடக்குது. நீங்க யாரோ, நான் யாரோ. எறங்குனா மறுபடி பாக்கப் போறதில்லை. அதனால சொல்றேன். என்ற மச்சானுக்கும் எனக்கும் ஒரு வருசமாப் பேச்சு வார்த்தை இல்லாமக் கெடந்துச்சுங்க. சண்டையா? சண்டை போட்டிருந்தாத்தான் பரவால்லையே, நாலு பெரியவங்களை வெச்சுப் பேசித் தீத்துக்கலாம். ஒரு வார்த்தை திட்டல, ஒரு குத்தம் சொல்லல. பேசறதை நிறுத்திட்டாரு, அவ்வளவுதான். நான் பண்ணுன தப்பு என்னன்னு கேட்டீங்கன்னா, அவருக்கு மரியாதை குடுத்தேன். அது ஒண்ணுதான்.

மச்சான்னா என்ற ஊட்டுக்காரியோட அண்ணன். தெய்வசிகாமணின்னு பேரு. அறுபதை நெருங்குறாரு. மாமனாரு சின்ன வயசுலயே போய்ச் சேந்துட்டாரு. அம்சவேணியை, அதான் என்ற ஊட்டுக்காரியை, வளத்து ஆளாக்கி எனக்குக் கட்டிக் குடுத்தது மச்சான்தான். அப்ப எனக்கு அவரு மச்சான் மட்டுமில்லீங்க, மாமனாரு ஸ்தானம். அவரு உக்காந்திருந்தா நான் கால் மேல கால் போட மாட்டேன். அவரு முன்னால ஒரு பீடி புடிச்சிருப்பனா, நீங்க ஊருக்குள்ள வந்து கேட்டுக்கலாம்.

மச்சான் தயவு இருந்தா மலையேறிப் பொழைக்கலாம்பாங்க. எனக்கு மலை ஏறற வேலையே அவரு வெக்கலீங்க. கோழிப்பண்ணைக்கு செட்டு போட்டுக் குடுத்தாரு. நான் கேட்டனா? கேக்கல. போரு ஓட்டிக் குடுத்தாரு. பொண்ணுக்குக் காலேஜு சீட்டுக்கு நாயா அலைஞ்சது அவருதான், நான் அன்னைக்குக் கோழிக்குத் தீவனம் எறக்கற வேலையா இருந்துட்டேன். ஒரு வருசம் நோவு வந்து கோழியெல்லாம் செத்து செட்டே காலியாப் போச்சு. தன்ற வேலையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு வந்து, மறுபடி குஞ்சு எறக்கற வரைக்கும் என்ற கூடவே நின்னாரு. நானும் வாயைத் தொறந்து ஒண்ணு கேட்டதில்லை, அவரும் வாயைத் தொறந்து ஒண்ணு சொன்னதில்லை. பத்தொம்பது வருசம் அப்படி ஓடுச்சுங்க. எந்த ஊட்ல இருக்குது அப்படி ஒரு உறவு, சொல்லுங்க.

சைக்கிளும் அவரு வாங்கிக் குடுத்ததுதான். எனக்கு சக்கரை வந்துருச்சுன்னு தெரிஞ்ச வாரமே கோயமுத்தூரு போயி வாங்கிட்டு வந்து வாசல்ல நிறுத்திட்டாரு. அகல டயரு, கிராவல்ல சறுக்காது. தினமும் காலையில வருவாரு, ரெண்டு பேரும் வாய்க்கா மேட்டுல கொஞ்ச தூரம் போயிட்டு வருவோம்.

அவருக்கு ரோட்டு வேலைங்க. டிப்பரு, ஜேசிபி, ரோலரு எல்லாம் வெச்சிருந்தாரு. காத்தாடிக் கம்பெனிங்களுக்குத் தடம் போட்டுக் குடுக்கறதுதான் தொழிலு. இந்தப் பக்கம் காட்டுக்குள்ள ஓடற தடத்துல பாதி அவரு மண்ணடிச்சு அவரு ரோலரு ஓட்டுனது. "போட்ட அன்னைக்கு லாரியில போனதோட சரி மாப்ளை. ஒரு தடவை இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் என்ற கால்ல மிதிச்சுப் போயிப் பாக்கணும்"னு சொல்லிட்டே இருப்பாரு. அக்கா தவறுன பொறகு, அதான் அவரு சம்சாரம், இந்தப் பேச்சு ஜாஸ்தியாப் போச்சு. பையன் வெளிநாட்டுல இருக்கான். மனுசனுக்கு இது ஒண்ணுதான் ஆசை.

ரெண்டு வருசம் தனியாப் போனாரு. ஒரு வருசம் வயித்துக் கடுப்பு, பாதியில எறங்கிட்டாரு. இன்னொரு வருசம் சைக்கிள் செயினு அறுந்து போச்சு. அதுக்குள்ள முழங்காலு ரெண்டும் தேஞ்சு போச்சுங்க. டாக்டரு படத்தைப் பாத்துட்டு, இந்த ஒரு வருசம் வேணா ஓட்டிக்குங்க, அப்புறம் மூட்டை மாத்தித்தான் ஆகணும், மாத்துனதுக்கு அப்புறம் இந்த மாதிரி ஓட்டம் எல்லாம் மறந்துருங்கன்னுட்டாரு. ரேசு நடத்தறவங்களும் போன வருசம் ஒரு புதுச் சட்டம் கொண்டு வந்துட்டாங்க. வயசானவங்க தனியா வரக்கூடாது, ஜோடியாத்தான் வரணும். ஜோடின்னா ரெண்டு பேரும் ஒண்ணாப் போயி ஒண்ணா வரணும். ஒருத்தன் மட்டும் வந்து நின்னா கணக்கில்லை.

அவரு என்னைக் கேக்கலீங்க. ஒரு மாசம் வந்து வந்து காப்பி குடிச்சுட்டு, காத்து எப்படி இருக்குது, மழை வருமான்னு பேசிட்டுப் போயிட்டாரு. அம்சவேணிதான் சொன்னா, "அண்ணனுக்கு ஜோடி ஆள் இல்லையாம். நீங்க போனா என்ன?" அப்படின்னு. போனா என்ன? போலாமே. நான் மாட்டேன்னு சொல்ற ஆளா?

மொத நாள் ஒண்ணுமே தெரியலீங்க. காத்து மேக்க இருந்து வருது, நாம கெழக்க போறோம். பொசுக்குன்னு தள்ளிட்டுப் போகுது. மச்சான் முன்னால, நான் பின்னால. எனக்கு ஒரு வேலமுள்ளு ஏறி ட்யூபு போச்சு. மச்சான் எறங்கி அவரு ஸ்பேர் ட்யூபை எடுத்து எனக்குப் போட்டாரு. என்ற ஸ்பேரு? அதை ஊட்லயே வெச்சுட்டேன், பையி கனமா இருக்குதேன்னு. அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல படுக்கறப்ப மச்சான் முழங்காலுக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டே, "நாளைக்குக் காத்து எதுத்து வரும் மாப்ளை. மெதுவாப் போயிக்கலாம்"னாரு. நான் சொன்னேன், "நீங்க முன்னால போங்க மச்சான், நான் உங்களைத் தாண்டி ஒரு அடி வெக்க மாட்டேன்." அவரு எண்ணெய்க் கையோட என்னைப் பாத்தாரு. என்னமோ சொல்ல வந்தாரு, அப்புறம் படுத்துட்டாரு. இந்தக் காலத்துல இப்படி ஒரு மாப்பிள்ளையான்னு நெனச்சிருப்பாரு.

மறுநாளு கெளம்புன ஒடனே அடிச்சுது பாருங்க. காத்துங்களா அது? வாயைத் தொறந்தா மண்ணு, கண்ணைத் தொறந்தா மண்ணு. காத்தாடி றெக்கையெல்லாம் ஊய் ஊய்னு சுத்துது. சமதளத்துல மேடு ஏறற மாதிரி மிதிக்கணும். சைக்கிளை விட்டு எறங்கித் தள்ளிட்டுப் போறவனையெல்லாம் பாத்தேன்.

ஆனா ஒண்ணு சொல்றனுங்க, மச்சான் பின்னாடி போனா காத்தே தெரியலை. அவருக்கு முதுகு அகலம். அந்த முதுகைப் பாத்துக்கிட்டே போனா ஒரு நிம்மதி. எனக்கு எப்பவுமே அப்படித்தான். நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே போனேன். செட்டுக்கு ஷீட்டு மாத்தணும் மச்சான், தீவனம் வெலை ஏறிப் போச்சு மச்சான், பொண்ணு ஹாஸ்டல் ஃபீசு கட்டோணும் மச்சான், இப்படி. அவரு "ம்"முனு மட்டும் சொல்லுவாரு. ஒரு நேரத்துக்கு மேல அந்த "ம்"மும் இல்லை. சரி, காத்துல கேக்கலையாட்ட இருக்குதுன்னு இன்னும் சத்தமாச் சொன்னேன்.

கூடவே கோயமுத்தூருப் பொம்பளைங்க ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தி கண் டாக்டரு, இன்னொருத்தி அவ சிநேகிதி. அவங்களும் ஜோடி. அவங்க ஓட்டறதைப் பாக்கணுமே நீங்க. இவ முன்னால போவா. சித்த நேரத்துல அவ இவளை முந்திக்கிட்டு முன்னால வந்துருவா. அப்புறம் இவ அவளை முந்துவா. நாள் முச்சூடும் இதே பொழப்பு. சிநேகிதிங்கறாங்க, ஒருத்தருக்கொருத்தர் ஒரு மட்டு மரியாதை வேண்டாமா? நான் மச்சான்கிட்டச் சொன்னேன், "பாருங்க மச்சான், படிச்சவங்கதான், விட்டுக் குடுக்கத் தெரியல." அவரு தலையைக் குனிஞ்சு மிதிச்சுக்கிட்டே இருந்தாரு.

ஒரு மதகுகிட்டத் தண்ணி ரொப்பறதுக்கு நின்னப்ப அந்தக் கண் டாக்டரு எங்கிட்ட வந்தா. "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. நீங்களும் கொஞ்ச நேரம் முன்னாடி போங்க. முன்னாடி போறவருக்குத்தான் மொத்தக் காத்தும். பெரியவரு ரொம்ப டயர்டா இருக்காரு."

எனக்குச் சுருக்குனு ஆயிருச்சுங்க. எங்க குடும்ப விசயத்துல இவ யாரு? "அம்மிணி, எங்களுக்குள்ள அப்படியெல்லாம் வழக்கமில்லீங்க. பெரியவங்க முன்னால, சின்னவங்க பின்னால. நீங்க உங்க தடத்தைப் பாத்துப் போங்க"ன்னுட்டேன். அவ மச்சானைப் பாத்தா. மச்சான் மதகுச் சுவத்துல சாஞ்சுக்கிட்டுத் தண்ணியை மூஞ்சியில அடிச்சுக்கிட்டிருந்தாரு. கேட்டிருக்கும். கேட்டும் ஒண்ணும் சொல்லலியே. அவருக்கும் நான் சொன்னதுதான் சரின்னு பட்டிருக்கும்னு நெனச்சேன்.

அதுக்கு மேல மச்சான் வேகம் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுதுங்க, தெரியாம இல்லை. ஏன்னா நான் அடிக்கடி பிரேக்கு புடிக்க வேண்டி வந்துச்சு, இல்லைன்னா அவரு பின் சக்கரத்துல இடிச்சிருவேன். அப்பவும் முந்தலை. வேற ஒருத்தனா இருந்தா முந்தியிருப்பான்.

கடைசி வாய்க்கா மேட்டுல ஏறுனப்ப இன்னும் நேரம் இருந்துச்சு. மெதுவா மிதிச்சாலே போயிரலாம், அந்த அளவுக்கு இருந்துச்சு. மச்சான் நிறுத்திட்டாரு. எறங்கல, ஒரு காலை மட்டும் ஊனி நின்னாரு. அந்தக் காலு கடகடன்னு ஆடுது. என்ற பக்கம் திரும்பவே இல்லை. முன்னாலயே பாத்துக்கிட்டு, "மாப்ளை"ன்னாரு.

"சொல்லுங்க மச்சான்."

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"என்ன மச்சான் இதெல்லாம், சொல்லுங்க."

"கொஞ்ச தூரம் நீங்க முன்னால போறீங்களா?"

எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. எப்பேர்ப்பட்ட மனுசன், என்னை முன்னால போகச் சொல்றாரு. பெருந்தன்மை பாருங்க. நான் ஒடனே சொன்னேன், "அதெப்படி மச்சான்? நீங்க இருக்கறப்ப நான் முன்னால போறதா? மண்டபத்துல அத்தனை பேரும் பாப்பாங்க. மாமனாரு ஸ்தானத்துல இருக்கறவரைப் பின்னால வர விட்டுட்டு இவன் முன்னால வர்றான்னு பேச மாட்டாங்களா? அம்சவேணி என்ன நெனப்பா? நீங்க போங்க மச்சான், எத்தனை மெதுவாப் போனாலும் நான் பின்னாலயேதான் வருவேன்."

அவரு திரும்பி என்னைப் பாத்தாரு. அப்புறம் "சரிங்க மாப்ளை"ன்னுட்டு மிதிச்சாரு.

ரொம்ப தூரம் போக முடியலீங்க. மண்டபத்து மைக்கு சத்தம் கேக்கற தூரத்துல சைக்கிளு சாஞ்சுது, அவரு அப்படியே மேட்டுல உக்காந்துட்டாரு. தொடை ரெண்டும் கல்லாட்ட எறுகிப் போச்சு. நானும் நீவி விட்டேன், தண்ணி ஊத்துனேன், தூக்கிப் பாத்தேன். காலை ஊன முடியலை. அங்க மைக்குல ஒவ்வொருத்தர் பேராச் சொல்றாங்க, கை தட்டறாங்க. அந்தக் கோயமுத்தூருப் பொம்பளைங்க பேரையும் சொன்னாங்க. அப்புறம் நேரம் முடிஞ்சுதுன்னு சொன்னாங்க. மச்சான் ஹெல்மெட்டைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டாரு. கண்ணுல தண்ணி ஊத்துது. மண்ணு விழுந்திருக்கும்.

நான் அவரு பக்கத்துலயே நின்னேன். இதையும் சொல்லிடறேன் கேட்டுக்குங்க. எனக்குக் கால்ல நல்லாத் தெம்பு இருந்துச்சு. மேட்டுல பாட்டுப் பாடிக்கிட்டே போயிருப்பேன், அவ்வளவு தெம்பு. ஆனா ஒரு அடி அவரைத் தாண்டி வெச்சனா? வெக்கலை. அப்படி இருந்தவனோட பேசறதை நிறுத்துனா என்னங்க நியாயம்?

ஊட்டுக்கு வந்து அம்சவேணிகிட்ட நடந்தது பூராவும் நானே சொன்னேன். அவ வெங்காயம் அரிஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தா. மண்டபத்துக்குக் கிட்ட வந்து உக்காந்துட்டாருன்னு சொன்னதும் கத்தியைக் கீழ வெச்சுட்டா.

"முன்னால போகச் சொல்லி அண்ணன் கேட்டுச்சா?"

"கேட்டாரு. நான்தான் மாட்டேன்னுட்டேன்"னு சொன்னேன், பெருமையாத்தான் சொன்னேன்.

"வாயைத் தொறந்து கேட்டுச்சா?"

"ஆமாங்கறேன்."

எந்திரிச்சுப் போயி அடுப்பை அணைச்சா. பருப்பு பாதிதான் வெந்திருந்துச்சு.

நாலஞ்சு நாள் கழிச்சு, அண்ணனுக்கு முழங்கால் வலி, கூட ஆள் வேணும்னு கெளம்பிப் போனா. போனவ வரலை. வாரத்துக்கு ஒருக்கா வருவா. ஊட்டைக் கூட்டிப் பெருக்கி, பொடி கிடி அரைச்சு வெச்சுட்டு, செட்டுல கோழியை ஒரு பார்வை பாத்துட்டுப் போயிருவா. நான் எத்தனையோ தடவை கேட்டேன், மச்சான் என்னைப் பத்தி என்ன சொல்றாருன்னு. "ஒண்ணும் சொல்லல. உங்க பேச்சையே எடுக்கறதில்லை"ம்பா. ரெண்டு மூணு தடவை நானே நேர்ல போனேன். வாங்கன்னு சொல்லலீங்க. தலையை ஆட்டிட்டு உள்ள போயிட்டாரு. அந்த மனுசன் என்னை ஒரு நாளும் வாங்க மாப்ளைன்னு கூப்புடாம இருந்ததில்லை. செருப்பை மாட்டிக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன். ஆப்பரேசனையும் அவரு தள்ளிப் போட்டுட்டாரு. ஏன்னு யாரும் எனக்குச் சொல்லல.

போன மாசம் தீவனக் கடைக்காரரு கேக்கறாரு, "ஏனுங்க, உங்க ஊட்டுக்காரம்மாவும் மச்சானும் ரேசுக்கு ஜோடியாப் பேரு குடுத்திருக்காங்களாமே?" நான் சிரிச்சேன். அவ எங்க சைக்கிள் ஓட்டுவா, அவளுக்கு ஸ்கூட்டரே பயம்னு சொன்னேன். அவரு என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டு, "கல்யாணத்துக்கு முன்னால பால் கேனை ரெண்டு பக்கமும் கட்டிக்கிட்டு சொசைட்டிக்கு ஓட்டிட்டு வருமே அந்தப் புள்ளை, காத்தாவது மழையாவது"ங்கறாரு. அவளுக்குப் போன் போட்டேன். ஏன்டி இத்தனை வருசம் எனக்கு இதைச் சொல்லலைன்னேன். "நீங்க கேக்கலயே"ன்னா. வெச்சுட்டா.

இன்னைக்கு மத்தியானமே வந்து வாய்க்கா மேட்டுல நின்னுட்டேன். போன வருசம் மச்சான் உக்காந்தாரே, அதுக்குக் கொஞ்சம் முன்னால. எத்தனையோ பேரு வந்தாங்க, போனாங்க. அப்புறம் தூரத்துல ரெண்டு பேரு தெரிஞ்சாங்க.

முன்னால அம்சவேணி. சுடிதாரு மேல மச்சானோட பழைய முழுக்கைச் சட்டை ஒண்ணு போட்டிருந்தா. குனிஞ்சு, கைப்பிடியைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு, மண்ணெல்லாம் மூஞ்சியில அடிக்க அடிக்க மிதிச்சுக்கிட்டு வர்றா. அவ பின்னாலயே ஒட்டுனாப்பல மச்சான். எனக்கு மொதல்ல கோவந்தான் வந்துச்சுங்க, பொய் சொல்ல மாட்டேன். ஒரு பொம்பளையை, அதுவும் கூடப் பொறந்த தங்கச்சியை, முன்னால விட்டுட்டு இவரு பின்னால வர்றாரே, கூச்சம் வேண்டாமான்னு நெனச்சேன். என்னைத் தாண்டி ஒரு நாள் முன்னால நடந்திருப்பாளா அவ? கோயிலுக்குப் போனாலும் நாலடி பின்னாலதான் வருவா.

கிட்ட வந்தப்பத்தான் மச்சான் மூஞ்சியைப் பாத்தேன். தலையைத் தூக்கி அக்கட்டயும் இக்கட்டயும் பாத்துக்கிட்டு வர்றாருங்க. காத்தாடியைப் பாக்கறாரு, தடத்தைப் பாக்கறாரு. அவரு போட்ட தடந்தானே. சின்னப் பையனாட்டச் சிரிக்கறாரு. அவருக்கு அப்படி ஒரு மூஞ்சி இருக்கறதே எனக்குத் தெரியாதுங்க. போன வருசம் ரெண்டு நாளும் நான் அவரு முதுகைத்தானே பாத்தேன், மூஞ்சியை எங்க பாத்தேன்.

என்னைத் தாண்டிப் போனாங்க. அம்சவேணி என்னைப் பாத்தாளா இல்லையான்னு தெரியல, அவ கண்ணைச் சுருக்கிக்கிட்டுத் தடத்தையே பாத்துக்கிட்டுப் போனா. நான் பின்னாலயே ஓடுனேன். ஓட முடியல. நான் மண்டபம் போயிச் சேர்றதுக்குள்ள மைக்குல ரெண்டு பேரு பேரையும் சொல்லி முடிச்சுட்டாங்க. நேரத்துக்குள்ளதான். முடிச்சுட்டாங்க.

கூட்டத்துல என்னால கிட்டப் போக முடியல. அப்புறம் பந்தி போட்டாங்க. அண்ணனும் தங்கச்சியும் பக்கத்துல பக்கத்துல உக்காந்தாங்க. நான் எதுத்தாப்புல போயி நின்னேன். எங்க பக்கம் மாப்பிள்ளை நிக்கறப்ப மச்சான் எலையில கை வெக்க மாட்டாருங்க. எந்திரிச்சு வந்து, வாங்க மாப்ளைன்னு கையைப் புடிச்சு உக்கார வெச்சுட்டுத்தான் மறு வேலை. நான் அப்படியே நின்னேன். அவரு எந்திரிக்கலை. கவனிக்கலையோன்னு நெனச்சு ஒரு தடவை செருமிக்கூடப் பாத்தேன். அவரு பாட்டுக்குச் சாப்பிட்டுக்கிட்டே இருக்காரு. நல்ல பசி. அம்சவேணி தன் எலையில இருந்த அப்பளத்தை எடுத்து அவரு எலையில வெக்கறா.

பாதிச் சோத்துல நிமிந்தாரு. ஒரு வருசம் கழிச்சு என்ற மூஞ்சியை நேராப் பாத்தாரு.

"மாப்ளை, அந்தத் தண்ணியைக் கொஞ்சம் ஊத்துங்க."

சபையில, அத்தனை பேரு முன்னால, மாப்பிள்ளைகிட்ட வேலை சொல்றாரு. பத்தொம்பது வருசத்துல ஒரு சொம்பை நகத்தி வெக்கச் சொன்னதில்லை என்னை. அம்சவேணி சாப்பிடறதை நிறுத்திட்டு என்னையே பாக்கறா. அவரு என்கிட்ட வாயைத் தொறந்து ஒண்ணு கேட்டது இது ரெண்டாவது தடவைங்க. மொத தடவை கேட்டது வாய்க்கா மேட்டுல.

ஜக்கை எடுத்தேன். சாச்ச வேகத்துல எலையில கொஞ்சம் சிந்திருச்சு. "பரவால்லை, பரவால்லை, ஊத்துங்க"ன்னாரு. எனக்கு என்னன்னே தெரியலீங்க, அழுகை வந்துருச்சு. மண்டபம் பூராவும் பாக்குது, நான் ஜக்கும் கையுமா நின்னு அழுகறேன். அவரு ஒரே மடக்குல குடிச்சு முடிச்சுட்டு டம்ளரை மறுபடியும் நீட்டுனாரு.